துண்டுக்குள் விலை பேசும் இயந்திரம்

சிறு கடைக்காரர்களைக் கரையேற்றப் போகிறோம் என்று ஒரு புதிய கூட்டம் புறப்பட்டிருக்கிறது. கடைவீதிகளில் ஏறி இறங்கும் இவர்கள் விற்க வந்திருப்பது அரிசியுமல்ல, பருப்புமல்ல. சிபாரிசு!

"ஜனங்கள் இனிமேல் கடை கடையாக ஏறிப் பார்த்து வாங்க மாட்டார்கள். செல்போனில் இருக்கும் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். அது உங்கள் கடையின் பெயரைச் சொன்னால் பிழைத்தீர்கள். சொல்லாவிட்டால் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அது உங்கள் பெயரைச் சொல்லும்படி நாங்கள் செய்கிறோம். மாதா மாதம் பணம் கட்டுங்கள்." இதுதான் இவர்களுடைய உபதேசத்தின் சாரம்.

இதைக் கேட்டு நம் தோழர்களில் சிலர் சிரிக்கிறார்கள். "இது கடைக்காரன் பாடு. பஞ்சாலையில் கால் கடுக்க நிற்கிற நமக்கு இதில் என்ன? வயலில் குனிந்து நாற்று நடுகிறவர்களுக்கு இதில் என்ன? எடையில் கை வைக்கிறவன்தானே அவன்? அவன் கடையை மூடினால் நமக்கென்ன நஷ்டம்?" என்று கேட்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்விதான். பதிலும் சொல்ல வேண்டும்.

நோட்டு யாரிடம் இருக்கிறது?

ஆலை கதவடைத்த நாட்களில் நம் வீட்டு அடுப்பு எரிந்தது எப்படி? வேலைநிறுத்தம் மூன்றாவது வாரத்தைத் தாண்டியபோது குழந்தைகளுக்குக் கஞ்சிக்கு அரிசி வந்தது எங்கிருந்து? மழை பொய்த்து, நடவும் இல்லாமல் அறுப்பும் இல்லாமல் விவசாயத் தொழிலாளி வீட்டோடு கிடந்த மாதங்களில் உப்பும் புளியும் மிளகாயும் கொடுத்தது யார்?

தெருமுனைக் கடைக்காரர்தான் கொடுத்தார். நீள நோட்டில் நம் பெயரை எழுதி, பெயருக்கு நேரே தொகையை எழுதி, சம்பளம் வந்ததும் வாங்கிக்கொண்டார். பத்து ரூபாய்க்கு எண்ணெய் கேட்டாலும் கொடுத்தார். ஐந்து ரூபாய்க்கு மிளகாய்த்தூள் கேட்டாலும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

அவர் உத்தமர் என்று நாம் சொல்ல வரவில்லை. கடனுக்கு வாங்குகிறவரிடம் விலையை ஏற்றிச் சொன்ன கடைக்காரர்களை நமக்குத் தெரியும். தராசுத் தட்டில் விரல் வைத்தவர்களையும் தெரியும். அவர்களோடு நாம் சண்டை போட்டிருக்கிறோம், இனியும் போடுவோம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அவரோடு சண்டை போட முடிந்தது! அவர் முகம் நமக்குத் தெரியும். நம் முகம் அவருக்குத் தெரியும். எடை குறைந்தால் திரும்பிப் போய்க் கேட்க ஒரு வாசல் இருந்தது. பல மாடிக் கட்டடத்தில் இருக்கும் கம்பெனியின் வாசலில் போய், "வேலைநிறுத்தம் நடக்கிறது, இந்த மாதம் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று எந்தத் தொழிலாளியாவது சொல்ல முடியுமா?

2024-ல், நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்திய சம்மேளனம் ஒரு கணக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஓராண்டில் நாட்டில் சுமார் 2 லட்சம் மளிகைக் கடைகள் மூடப்பட்டன என்று அது சொன்னது. பத்து நிமிஷத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் கம்பெனிகளின் போட்டியும், பொதுவான வியாபார மந்தமும் அதற்குக் காரணங்கள் என்றும் சொன்னது. மூடிய கடை ஒவ்வொன்றிலும் ஒரு நோட்டு இருந்திருக்கும். அந்த நோட்டோடு ஏழைகளின் ஆபத்துக் கால உதவியும் போயிற்று.

ஆகவே, கடைக்காரரின் பெயரை அந்த இயந்திரம் சொல்லுமா, சொல்லாதா என்பது நம் அடுப்பையும் தொட்ட விஷயம்.

இயந்திரம் எப்படிப் பெயர் சொல்கிறது?

இந்த இயந்திரத்தில் மாயம் எதுவும் இல்லை. அது கோடிக் கணக்கான பக்கங்களை வாசித்துப் பழகியது. "எங்கள் ஊரில் நல்ல செக்கு எண்ணெய் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டால், இன்டர்நெட்டில் அப்போது கிடைக்கும் விவரங்களையும் தேடிப் பார்த்து, வாக்கியமாகக் கோத்துப் பதில் சொல்கிறது. வரைபடத்தில் பதிந்த கடைப் பெயர், திறக்கும் நேரம், வாங்கியவர்கள் எழுதிய அபிப்பிராயம், கடைக்காரர் கொடுத்த சரக்குப் பட்டியல், இவையே அதற்குத் தீனி.

அது கடைக்கு வந்து பார்த்ததில்லை. எண்ணெயை முகர்ந்ததில்லை. எழுத்தில் இருப்பது அதற்கு உண்டு. எழுத்தில் இல்லாதது அதற்கு இல்லை. சில வேளைகளில், இல்லாத கடையை உண்டென்றும், மூடிய கடையைத் திறந்திருக்கிறதென்றும் அடித்துச் சொல்கிறது. முப்பது வருஷமாக ஒரே தெருவில் நேர்மையாக வியாபாரம் செய்தவருக்கு எழுத்தில் ஒரு வரி இல்லாவிட்டால், இயந்திரத்தின் கண்ணில் அவர் பிறக்கவே இல்லை! நேற்று வந்த பெருங்கம்பெனிக்கோ எழுதுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

மாட்டுச் சந்தையில் தரகர் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவதை நாம் பார்த்திருக்கிறோம். துண்டுக்கு அடியில் என்ன நடந்தது என்பது மாட்டை ஓட்டி வந்தவனுக்குத் தெரியாது. முடிவு மட்டுந்தான் தெரியும். இந்த இயந்திரமும் அப்படித்தான். மூன்று பெயர்களைச் சொல்கிறது. ஏன் இந்த மூன்று, ஏன் நான்காவது இல்லை என்பது துண்டுக்கு அடியில் இருக்கிறது.

தராசு சாய்ந்த பழைய கதை

"இது வீண் சந்தேகம், இயந்திரத்துக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்று உண்டா?" என்று கேட்கலாம். இயந்திரத்துக்கு இல்லை. அதன் முதலாளிக்கு உண்டு.

2017 ஜூன் மாதம் ஐரோப்பிய கமிஷன் கூகுள் கம்பெனிக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. எதற்காக? சாமான் வாங்கத் தேடும் ஜனங்களுக்குத் தன் சொந்த விலை ஒப்பீட்டுப் பகுதியை உச்சியில் வைத்துக் காட்டியது. போட்டியாளர்களைக் கீழே தள்ளியது. போட்டியாளர்களில் முதலில் நின்றவரே சராசரியாக நான்காவது பக்கத்தில்தான் தென்பட்டார் என்று கமிஷன் கண்டது. கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. ஏழு வருஷம் கழித்து, 2024 செப்டம்பரில், ஐரோப்பாவின் உச்ச நீதிமன்றம் அந்த அபராதத்தை உறுதி செய்தது. நம் நாட்டிலும் 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம், தேடலில் பாரபட்சம் காட்டியதற்காக அதே கம்பெனிக்கு 135 கோடியே 86 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது.

கவனியுங்கள் தோழர்களே! அந்தக் காலத்துத் தேடும் இயந்திரத்தில் நான்காவது பக்கம் என்று ஒன்றாவது இருந்தது. பொறுமையுள்ளவன் புரட்டிப் பார்க்கலாம். இன்றைய பேசும் இயந்திரம் மூன்று நான்கு பெயர்களோடு வாயை மூடிக்கொள்கிறது. ஐந்தாவது கடைக்காரருக்கு நான்காவது பக்கம்கூடக் கிடையாது. அப்போது தராசு சாய்ந்ததைக் கண்டுபிடித்துத் தண்டனையை உறுதி செய்ய அத்தனை வருஷம் பிடித்தது. அத்தனை வருஷம் ஒரு மளிகைக் கடை தாங்குமா?

இன்று தராசு யார் கையில்?

2025 செப்டம்பர் 29-ல், சாட்ஜிபிடி இயந்திரத்தின் சொந்தக்காரரான ஓப்பன்ஏஐ கம்பெனி, அமெரிக்காவில் பேச்சுக்கு நடுவிலேயே பொருளை வாங்கும் ஏற்பாட்டை அறிவித்தது. விற்பனை முடிந்தால் வியாபாரி ஒரு சிறு கட்டணம் தர வேண்டும் என்றது. கட்டணத்துக்காகச் சிபாரிசு மாறாது என்றும் வாக்களித்தது. நல்லது! ஆனால் அதே அறிவிப்பில் இன்னொரு வாசகமும் இருந்தது. ஒரே பொருளைப் பலர் விற்றால், யாரை முன்னே வைப்பது என்று பார்க்கும்போது, இருப்பு, விலை, தரம் ஆகியவற்றோடு, அந்த வியாபாரி தங்கள் கல்லாவில் சேர்ந்திருக்கிறாரா என்பதும் கணக்கில் எடுக்கப்படும்!

இதை நாம் எப்படிப் புரிந்துகொள்வது? "காசுக்காகச் சிபாரிசு இல்லை, எங்கள் கல்லாவில் சேர்ந்தால் கொஞ்சம் முன்னே நிற்கலாம்" என்றுதானே?

2026 ஜனவரியில் அதே கம்பெனி, அமெரிக்காவில் விளம்பரங்களையும் காட்டிப் பார்க்கப் போவதாக அறிவித்தது. விளம்பரம் பதிலை மாற்றாது என்று இப்போதும் ஒரு வாக்குறுதி. வாக்குறுதி கொடுத்தவரும் அவரே, நிறைவேற்றுகிறவரும் அவரே, நிறைவேறியதா என்று சரிபார்க்கிறவரும் அவரே!

நம் நாட்டுக்கு வருவோம். 2025 அக்டோபரில், சாட்ஜிபிடி வழியாக யு.பி.ஐ. மூலம் சாமான் வாங்கும் சோதனை அறிவிக்கப்பட்டது. கடைவீதியின் வாசலில் முதலில் நின்றவர் யார்? உக்கடத்து மளிகைக் கடைக்காரரா? திருப்பூர்க் கடைவீதியின் அரிசி வியாபாரியா? டாட்டா குழுமத்தின் பிக்பாஸ்கெட்! கதவு திறப்பதற்கு முன்பே உள்ளே நாற்காலி போடப்பட்டவர்கள் யார் என்பது இதிலிருந்து தெரியவில்லையா?

அம்பானி குழுமத்தைப் பாருங்கள். செல்போன் இணைப்பு ஜியோ. மளிகை விற்பது ஜியோமார்ட். 2020-ல் ஜியோ கம்பெனியில், வாட்ஸ்அப்பின் சொந்தக்காரர்கள் 43,574 கோடி ரூபாயும், கூகுள் 33,737 கோடி ரூபாயும் போட்டுப் பங்கு வாங்கினார்கள். 2022 ஆகஸ்டில் ஜியோமார்ட் வாட்ஸ்அப்புக்குள்ளேயே கடை விரித்தது. 2025 அக்டோபரில் கூகுளின் ஜெமினி இயந்திரம், 35,100 ரூபாய் பெறுமானம் என்று சொல்லி, ஜியோ வாடிக்கையாளர்களுக்கு 18 மாதம் இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. கடையும் அவர்களுடையது, கடைக்குப் போகும் பாதையும் அவர்களுடையது, பாதையில் நின்று வழி சொல்கிறவனோ அவர்களுடைய பங்காளி!

இவர்கள் இன்றே தராசைச் சாய்த்துவிட்டார்கள் என்று நாம் குற்றம் சாட்டவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான். நாளை சாய்த்தால், அதைக் கண்டுபிடிக்க நம்மிடம் என்ன வழி இருக்கிறது?

இலவசமாக ஊற்றிய தேநீர்

இலவசம் என்றதும் சந்தோஷப்படுகிறவர்கள் ஒரு பழைய சங்கதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1930-களில் தேயிலை முதலாளிகளின் பிரசார வண்டிகள் ஊர் ஊராக வந்து, ஜனங்களைக் கூட்டி, இலவசமாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்தன. நீராகாரம் குடித்துக்கொண்டிருந்த நாக்குகளுக்குத் தேநீர்ப் பழக்கம் பிடித்தது. பழக்கம் பிடித்த பிறகு இலவச வண்டி வரவில்லை; கடையில் காசு கொடுத்து வாங்கினோம். சாட்ஜிபிடியும் 2025 நவம்பர் 4 முதல் தன் 'கோ' சந்தாவை இந்தியாவில் ஒரு வருஷம் இலவசம் என்று ஊற்றியது. தேநீராவது நாக்கைத்தான் பழக்கியது. இது, எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது என்று நினைக்கும் புத்தியையே பழக்கிவிடும்.

தரகர்களுக்கு ஒரு வார்த்தை

இந்த நிலையைப் பார்த்துத்தான் சிபாரிசுத் தரகர்கள் கிளம்பியிருக்கிறார்கள். "முதல் பெயராக வர வைக்கிறோம், இது உத்தரவாதம்" என்கிறார்கள். சுத்தப் பொய்! ஒரே கேள்வியை இரண்டு பேர் கேட்டால் இரண்டு விதமாகப் பதில் சொல்லும் இயந்திரம் அது. காலையில் சொன்ன பெயரை மாலையில் சொல்லாமல் விடும் இயந்திரம் அது. துண்டுக்குள் நடப்பது தரகருக்கும் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு உத்தரவாதம் கொடுத்துப் பணம் வாங்குகிறவனுக்கு நம் ஊரில் என்ன பெயர் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

இன்னும் சிலர் பொய்யான புகழுரைகளைக் கூலிக்கு எழுதித் தருகிறார்கள். அதைக் காசு கொடுத்து வாங்குகிற கடைக்காரரும் குற்றவாளிதான். கலப்பட எண்ணெய்க்கும் கலப்பட அபிப்பிராயத்துக்கும் நம் கணக்கில் வித்தியாசம் இல்லை.

வேறொன்றும் இருக்கிறது. தெருவில் இருபது கடைகள். இருபது பேரும் தரகருக்குப் பணம் கட்டினால் என்ன ஆகும்? இயந்திரம் இருபது பெயரையும் சொல்லாது; மூன்றைத்தான் சொல்லும். மீதிப் பதினேழு பேருக்கும் பணம் போனதுதான் மிச்சம். ஆலை வாசலில் பத்து வேலைக்கு நூறு பேரை நிறுத்தி, ஒருவனுக்கொருவன் கூலியைக் குறைத்துக் கேட்க வைத்த பழைய தந்திரத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அன்று ஆளுக்கு ஆளாகப் போய் நின்றவரைக்கும் நாம் தோற்றோம். சேர்ந்து போனபோதுதான் கூலி உயர்ந்தது. கடைக்காரர்களும் அந்தப் பாடத்தைத்தான் படிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

இயந்திரத்தை உடைத்தெறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. தறியை உடைத்துத் தொழிலாளி வாழ்ந்துவிடவில்லை. சிறு கடைகளின் பெயரும் அந்த இயந்திரத்தின் வாயில் வர வேண்டும். அது தரகருக்குக் கப்பம் கட்டாமல் வர வேண்டும் என்பதே நம் கட்சி.

முதலாவது, எழுத்தில் ஏறுவது. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதியக் கட்டணம் இல்லை. 2004-ல் தொடங்கி, உலகெங்கும் தொண்டர்கள் சேர்ந்து வளர்த்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்துக்கும் கட்டணம் இல்லை. பலகையில் ஒரு பெயர், ரசீதில் ஒரு பெயர், வரைபடத்தில் ஒரு பெயர் என்றிருந்தால் இயந்திரம் மூன்று கடை என்று குழம்பும். எல்லா இடத்திலும் ஒரே பெயராக இருக்கட்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். 'மளிகைக் கடை' என்று மட்டும் எழுதாமல், கம்பும் கேழ்வரகும் சில்லரையில் கிடைக்கும், எண்ணெய் செக்கில் ஆட்டியது, முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்காகக் காலை 5 மணிக்கே கடை திறக்கும் என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். ஜனங்கள் கேட்பது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான். இதை எழுதித் தரத் தரகர் வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகள் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு இளைஞர்கள் இறங்கினால் ஒரு தெரு முழுவதையும் ஏற்றிவிடலாம்.

இரண்டாவது, வாங்குகிற நாம் பேசுவது. நல்ல சாமான் கிடைத்தால் இரண்டு வரி எழுதுவோம். எடை குறைந்தால் அதையும் எழுதுவோம். எழுத வராதவர்கள் செல்போனில் சொன்னாலே அது எழுத்தாகிறது. இது நம் கைக்கு வந்துள்ள ஆயுதம். அதை உண்மைக்கு மட்டுமே பயன்படுத்துவோம்.

மூன்றாவது, கடைக்காரர்கள் ஒன்று சேர்வது. தனிக் கடையின் சரக்குப் பட்டியல் சிறியது. ஒரு பேட்டையின் ஐம்பது கடைகள் சேர்ந்து ஒரே பட்டியல் போட்டால், அது பெருங்கம்பெனியின் பட்டியலுக்கு ஈடு கொடுக்கும். வியாபாரிகள் சங்கமும் கூட்டுறவுப் பண்டகசாலையும் இதை ஏற்று நடத்தலாம்.

நான்காவது, அரசாங்கத்தின் கடமை. 2022 ஏப்ரல் 29-ல் மத்திய அரசு ஓ.என்.டி.சி. என்ற திறந்த வியாபார வலையைச் சோதனையாகத் தொடங்கியபோது, தேர்ந்தெடுத்த ஐந்து நகரங்களில் கோவையும் ஒன்று. ஒன்றிரண்டு கம்பெனிகளின் பிடியில் சந்தை சிக்காமல் இருக்கவே இது என்றார்கள். அப்படியானால், சிறு கடைகளை அதில் கட்டணமில்லாமல் பதிந்து தாருங்கள். இந்த நாட்டில் கடை சொல்லும் இயந்திரம் எதுவானாலும், அந்தப் பொதுப் பதிவேட்டையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

ஐந்தாவது, முத்திரை! மளிகைக் கடைத் தராசுக்கு அரசாங்கம் முத்திரை குத்துகிறது. முத்திரை இல்லாத படிக்கல்லைக் கண்டால் இன்ஸ்பெக்டர் பறிமுதல் செய்கிறார். சரிதான், செய்யட்டும். ஆனால் ஆயிரம் கடைகளின் தலைவிதியை நிறுக்கும் இந்தச் சிபாரிசுத் தராசுக்கு முத்திரை எங்கே? இன்ஸ்பெக்டர் எங்கே? இந்தப் பெயரைச் சொன்னதற்குக் காசு வாங்கப்பட்டதா, சொன்னது சொந்தக்காரரின் கடையா, பங்காளியின் கடையா என்று ஒவ்வொரு சிபாரிசின் பக்கத்திலும் எழுத வேண்டும். தவறாகச் சொல்லப்பட்ட கடைக்காரர் முறையிட ஓர் இடம் வேண்டும். தராசை வெளியார் சோதிக்கும் உரிமை வேண்டும். இதுவே தலையாய கோரிக்கை. மற்ற நான்கையும் நாமே செய்துகொண்டாலும், துண்டு விலகாதவரை கடைக்காரர் இருட்டில்தான் நிற்பார்.

கடைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை

நண்பர்களே, உங்களுக்காகத் தொழிலாளிகள் பேசினால், நீங்களும் பதிலுக்குச் செய்ய வேண்டியது இருக்கிறது. விலைப் பலகையை வாசலில் மாட்டுங்கள். எடையைச் சரியாகப் போடுங்கள். கடைச் சிப்பந்திக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது; அந்த இருக்கை உங்கள் கடையில் இருக்கிறதா? சாமான் தூக்கி வரும் பையன் சைக்கிளில் வந்தாலும் கம்பெனிச் சட்டை போட்டு மோட்டாரில் வந்தாலும் அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை. அவன் கூலியில் கை வைத்து நீங்கள் கம்பெனியோடு போட்டி போட வேண்டாம்.

1844-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் ராச்டேல் என்ற ஆலை நகரத்தில், நெசவாளிகளும் பிற தொழிலாளிகளுமாக 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்துச் சிறு கடை ஒன்று திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு போன்றவைதான் சரக்கு. கலப்படமில்லாத பொருள், சரியான எடை, இதுவே அவர்கள் கொடுத்த சிபாரிசு. கூட்டுறவு இயக்கம் அதிலிருந்து உலகெங்கும் பரவியது. 1904-ல் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் ஒரு கூட்டுறவுக் கடை எழுந்தது. அந்த 28 பேரிடம் மூலதனம் சொற்பம்; ஒற்றுமை பெரிது.

கடை எங்கே இருக்கிறது, எண்ணெய் எங்கே நல்லது, யார் எடை சரி என்று உண்மையில் தெரிந்தவர்கள் அங்கே நாள்தோறும் வாங்குகிற நாம்தான். நாம் எழுதினால்தான் இயந்திரத்துக்குத் தெரியும். நம் வாயிலிருந்து எடுத்த சொல்லை நமக்கே விற்க, நடுவில் தரகன் எதற்கு?

இந்த வாரமே உங்கள் தெருக் கடைகளைக் கணக்கெடுங்கள், எழுத்தில் ஏற்றுங்கள். சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். சிபாரிசுத் தராசுக்கு முத்திரை கேளுங்கள்!

துண்டை விலக்குங்கள் என்று எல்லோரும் சேர்ந்து கேட்போம்!